‘முக்கால்வாசி’யை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய வேலை இன்று பலருக்கு இருக்கிறது. பழைய வீட்டை விடுதியாக்கியவர்கள், வெளிநாட்டாரை ஊர் சுற்றிக் காட்டும் கைடுகள், ஆத்தங்குடி டைல்ஸ் அனுப்புகிறவர்கள், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதும் பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். ‘எல்லாம் இல்லை, ஆனால் பாதிக்கு மேல்’ என்று சொல்ல வரும்போது இவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். ஆங்கிலச் சொற்களை ஒலிக்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

‘பெரும்பாலும்’ என்று தமிழில் ஒரே சொல்லில் முடிகிறதே, ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்?

நம்முடைய ‘பெரும்பாலும்’ நான்கு வேலை பார்க்கிறது. ‘வந்தவங்க பெரும்பாலும் பிரெஞ்சுக்காரங்க’ என்றால் எத்தனை பேர் என்ற கணக்கு. ‘வீடு பெரும்பாலும் தேக்கு’ என்றால் எவ்வளவு என்ற அளவு. ‘பெரும்பாலும் காலையில பணியாரம் போடுவோம்’ என்றால் எத்தனை தடவை. ‘பெரும்பாலும் நாளைக்கு வந்துருவார்’ என்றால் எவ்வளவு நிச்சயம். ஆங்கிலம் இந்த நான்குக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ஆள்கணக்குக்கு ‘மோஸ்ட்’ அல்லது ‘தி மெஜாரிட்டி ஆஃப்’, அளவுக்கு ‘மோஸ்ட்லி’, ‘லார்ஜ்லி’, ‘தி பல்க் ஆஃப்’, தடவைக்கு ‘யூஷுவலி’, நிச்சயத்துக்கு ‘ப்ராபப்லி’.

எழுதுமுன் இந்த நான்கில் எதைச் சொல்ல வருகிறோம் என்று ஒரு நொடி நின்று பார்த்தால் பாதித் தவறு அங்கேயே போய்விடும்.

அப்படியானால் ‘மோஸ்ட்லி ஹி வில் கம் டுமாரோ’ தப்பா?

நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. ‘பெரும்பாலும் நாளைக்கு வருவார்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி வைத்தது அது. ‘மோஸ்ட்லி’ நிச்சயத்தைச் சொல்லாது. ‘ஹி வில் ப்ராபப்லி கம் டுமாரோ’ என்று சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்சம் உறுதி இருந்தால் ‘மோஸ்ட் ப்ராபப்லி’ போடலாம். அதில் ஒரு ‘மோஸ்ட்’ இருப்பதால்தான் இந்தக் குழப்பமே வந்திருக்கும் போல.

விடுதிக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ‘மோஸ்ட்லி தி ரூம் வில் பி அவைலபிள்’ என்று பதில் போட்டால் விருந்தாளிக்குக் குழப்பம்தான். அறை சில நாள் இருக்கும், சில நாள் இருக்காதா, அல்லது இவருக்கே தெரியவில்லையா? ‘வி வில் ப்ராபப்லி ஹாவ் எ ரூம்’ என்று எழுதி, எந்தத் தேதிக்குள் உறுதி சொல்வோம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

‘மோஸ்ட்’ என்றால் நூற்றுக்கு எத்தனை?

கணக்குப்படி பாதிக்கு ஒன்று கூடினாலும் ‘மோஸ்ட்’தான். 100 பேரில் 51 பேர் போதும். ஆனால் படிக்கிறவர் மனதில் அது 51 ஆக விழாது. 65, 70, 80 என்று ஏதோ ஒன்றாகத்தான் விழும். அதனால் 51-லிருந்து 55 வரை இருக்கும்போது ‘ஜஸ்ட் ஓவர் ஹாஃப்’ என்று எழுதுவதே நேர்மை.

தமிழில் இதற்கு இன்னும் கறாரான அளவுகோல் உண்டு. ‘முக்கால்வாசி’ என்றால் பேச்சில் 70, 80 பக்கம். ‘முக்காலே மூணு வீசம்’ என்பது அதற்கும் மேலே. ஒரு வீசம் பதினாறில் ஒன்று. முக்கால் என்பது பன்னிரண்டு வீசம். அதோடு மூன்று சேர்ந்தால் பதினைந்து, அதாவது 93.75 சதவீதம். பின்ன வாய்பாடு படித்துப் பேரேடு எழுதிய ஊருக்கு இப்படி ஒரு சொல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ‘முக்கால்வாசி’க்கு ‘மோஸ்ட்’ சரியான ஜோடி. ‘முக்காலே மூணு வீச’த்துக்கு ‘நியர்லி ஆல்’ அல்லது ‘ஆல்மோஸ்ட் ஆல்’.

‘தி வாஸ்ட் மெஜாரிட்டி’ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்குச் சட்டமாக ஒரு எண் கிடையாது. 80-க்குக் கீழே போட்டால் மிகைப்படுத்துகிற வாடை அடிக்கும். ‘ஓவர்வெல்மிங் மெஜாரிட்டி’ என்பதில் எதிர்ப்பக்கம் அடித்துப்போகப்பட்டது என்ற சாயலும் சேர்ந்து வரும். அதைத் தேர்தலுக்கும் வாக்கெடுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போகாத டைல்ஸ் எண்ணிக்கைக்கு அது ஒட்டாது.

‘மோஸ்ட் பீப்பிள்’, ‘மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள்’: எது சரி?

இரண்டும் சரி, பொருள் வேறு. பொதுவாக மனிதர்கள் என்றால் ‘மோஸ்ட் பீப்பிள்’. நேற்று வந்த கூட்டம், இந்தத் தெருக்காரர்கள் என்று குறிப்பிட்ட ஒரு கும்பல் என்றால் ‘மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள்’. தவறானது ‘மோஸ்ட் ஆஃப் பீப்பிள்’. ‘ஆஃப்’ வந்தால் அதற்குப் பிறகு ‘தி’, ‘அவர்’, ‘தீஸ்’ போன்ற ஏதாவது ஒன்று வந்தே தீர வேண்டும், அல்லது ‘தெம்’, ‘அஸ்’ என்று பிரதிப்பெயர் வர வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் இன்னொன்று ‘ஆல்மோஸ்ட் பீப்பிள்’. ‘ஆல்மோஸ்ட்’ என்றால் ‘கிட்டத்தட்ட’. கிட்டத்தட்ட மனிதர்கள் என்றால் குரங்கா என்று கேட்பார்கள். ‘ஆல்மோஸ்ட் ஆல் பீப்பிள்’ அல்லது ‘ஆல்மோஸ்ட் எவ்ரிபடி’ என்று முடிக்க வேண்டும்.

‘மெஜாரிட்டி’யை எங்கே போடக்கூடாது?

எண்ண முடியாத பொருளோடு. ‘மெஜாரிட்டி ஆஃப் தி ரைஸ்’, ‘மெஜாரிட்டி ஆஃப் தி டே’ என்றெல்லாம் பேச்சில் கேட்கலாம். எழுத்தில் கண்ணை உறுத்தும். அரிசி, நேரம், பணம், சுண்ணாம்பு இவற்றுக்கெல்லாம் ‘மோஸ்ட் ஆஃப்’. ஆட்கள், வீடுகள், அறைகள், ஓட்டுகள் இவற்றுக்கு ‘மெஜாரிட்டி’ பொருந்தும். இங்கேயும் அவசியம் இல்லாவிட்டால் ‘மோஸ்ட்’ போதும். ‘தி மெஜாரிட்டி ஆஃப்’ என்ற மூன்று சொல் பார்க்கும் வேலையை ‘மோஸ்ட்’ ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறது.

பின்னால் வருவது ‘இஸ்’ஸா, ‘ஆர்’ரா?

‘ஆஃப்’புக்குப் பிறகு வருகிற பெயரைப் பாருங்கள். ‘மோஸ்ட் ஆஃப் தி பில்லர்ஸ் ஆர் டீக்’, ‘மோஸ்ட் ஆஃப் தி வுட் இஸ் டீக்’. தூண்கள் பன்மை, மரம் ஒருமை. ‘டூ தேர்ட்ஸ் ஆஃப்’, ‘ஹாஃப் ஆஃப்’ எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

‘ஆல் ரூம்ஸ் ஆர் நாட் ஏர் கண்டிஷன்ட்’ என்று போர்டு வைத்திருக்கிறோம். சண்டை வருகிறது. ஏன்?

‘எல்லா ரூமும் ஏசி இல்லை’ என்று தமிழில் சொன்னால் சில ரூமில் இருக்கிறது, சிலதில் இல்லை என்று நமக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வரியை இரண்டு விதமாகப் படிக்கலாம். எதிலும் ஏசி இல்லை என்று படித்துவிட்டு ஒருவர் வேறு விடுதிக்குப் போய்விடுவார். எல்லாவற்றிலும் இல்லை, என் அறையில் இருக்கும் என்று நம்பி இன்னொருவர் வந்து இறங்குவார், சித்திரை வெயிலில்.

‘நாட்’டை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘நாட் ஆல் ரூம்ஸ் ஆர் ஏர் கண்டிஷன்ட்’. பாதிக்கு மேல் இருந்தால் ‘மோஸ்ட் ரூம்ஸ் ஆர் ஏர் கண்டிஷன்ட்’. இதையெல்லாம் விட நல்லது எண்ணைச் சொல்வது: ‘எயிட் ஆஃப் அவர் லெவன் ரூம்ஸ் ஆர் ஏர் கண்டிஷன்ட்’. கையில் எண் இருக்கும்போது தோராயச் சொல் எதற்கு?

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். பெரும்பான்மையைச் சொல்லும் எந்தச் சொல்லும் விட்டுப்போன மிச்சத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். ‘மோஸ்ட் ஆஃப் அவர் ரூம்ஸ் ஆர் க்ளீன்’ என்று எழுதினால் அழுக்கான அறை எது என்றுதான் படிக்கிறவர் தேடுவார். ஆத்தங்குடி டைல்ஸ் விற்பவர் ‘மோஸ்ட்லி ஹேண்ட்மேட்’ என்று போட்டாலும் இதே கதைதான். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் நிறக்கலவை ஊற்றி, அதன் பின்னால் சிமெண்டும் மணலும் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல்லில் மெஷினுக்கு எங்கே இடம்? முழுக்கக் கைவேலை என்றால் ‘என்டைர்லி’ என்று எழுதுங்கள். அடக்கத்துக்காக ‘மோஸ்ட்லி’ போட்டால் விலை பேசும்போது அதையே பிடித்துக்கொள்வார்கள்.

‘ஆல் பட்’ என்றால் என்ன? ‘ஆனால்’ என்று வருமா?

வராது, இது இரண்டு பக்கம் வெட்டுகிற கத்தி. பின்னால் எண்ணோ பெயரோ வந்தால் ‘தவிர எல்லாம்’: ‘ஆல் பட் த்ரீ ஹவுசஸ்’ என்றால் மூன்று வீடு நீங்கலாக எல்லா வீடும். பின்னால் வினையோ குணமோ வந்தால் ‘கிட்டத்தட்ட’: ‘தி ரூஃப் இஸ் ஆல் பட் ஃபினிஷ்ட்’ என்றால் ஓடு வேய்ந்து முடியும் நிலையில் இருக்கிறது, இன்னும் முடியவில்லை. ஒப்பந்தக்காரர் கடிதத்தில் இந்தத் தொடர் வந்தால் பணம் கொடுக்குமுன் மேலே ஏறிப் பாருங்கள்.

‘நியர்லி’, ‘அபவுட்’, ‘ஓவர்’: தோராயம்தானே, எதைப் போட்டால் என்ன?

ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தது. ‘நியர்லி’, ‘ஆல்மோஸ்ட்’, ‘ஜஸ்ட் அண்டர்’ மூன்றும் எண்ணுக்குக் கீழே. ‘ஓவர்’, ‘ஜஸ்ட் ஓவர்’, ‘மோர் தேன்’ எண்ணுக்கு மேலே. ‘வெல் ஓவர் ஹாஃப்’ என்றால் பாதியைத் தாராளமாகத் தாண்டியது, 60 பக்கம் போனது. ‘அபவுட்’, ‘அரவுண்ட்’, ‘ரஃப்லி’ எந்தப் பக்கமும் சாயாதவை. 76 சதவீதத்தை ‘நியர்லி த்ரீ குவார்ட்டர்ஸ்’ என்று எழுதினால் தவறு, ஏனென்றால் முக்காலைத் தாண்டிவிட்டது. 74-க்கு அது சரி.

ஒரே எண்ணுக்கு இரண்டு தோராயம் போடாதீர்கள். ‘அப்ராக்சிமேட்லி 74.3 பர்சென்ட்’ என்பது தன்னையே மறுக்கிறது. தசமப் புள்ளி வரை தெரிந்தவருக்குத் தோராயம் தேவையில்லை. ‘அபவுட் ஃபார்ட்டி ஆர் சோ’ என்பதும் அப்படியே. முன்னால் ஒரு முட்டு, பின்னால் ஒரு முட்டு.

டைல்ஸ் லோடு உடைந்து போனால் எப்படி எழுதுவது?

2,400 கல் போய்ச் சேர்ந்தது, 96 உடைந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் கோபத்தில் ‘மோஸ்ட் ஆஃப் தி டைல்ஸ் ஆர் ப்ரோக்கன்’ என்று எழுதுவார். அது உண்மை ஆக வேண்டுமானால் 1,200-க்கு மேல் உடைந்திருக்க வேண்டும். அவர் சொல்ல நினைத்தது ‘மெனி’. பதிலில் அந்த வேறுபாட்டைச் சுட்டாவிட்டால் பாதிப் பணம் திருப்பிக் கேட்கும் இடத்துக்குப் பேச்சு போகும்.

நீங்களும் பதிலுக்கு ‘தி வாஸ்ட் மெஜாரிட்டி அரைவ்ட் சேஃப்லி’ என்று எழுதாதீர்கள். 96 சதவீதம் நல்லபடி சேர்ந்ததால் அது பொய் இல்லைதான், ஆனால் மழுப்பல் மாதிரி படும். ‘ஆல் பட் 96 ஆஃப் தி 2,400 டைல்ஸ் அரைவ்ட் இன்டாக்ட்’ என்று எழுதினால் வாதம் அந்த 96-க்குள் அடங்கிவிடும். இன்சூரன்ஸுக்குப் போகும் கடிதத்தில் தோராயச் சொல்லே வேண்டாம். மொத்த எண்ணிக்கை, உடைந்த எண்ணிக்கை, எந்தப் பெட்டியில் எத்தனை, இது போதும்.

‘மோஸ்ட் கெஸ்ட்ஸ்’, ‘தி மோஸ்ட் கெஸ்ட்ஸ்’: ஒரு ‘தி’யில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒரு விடுதிக்கு வந்த 200 பேரில் 70 பேர் பிரான்ஸ், 50 பேர் இங்கிலாந்து, 45 பேர் ஜெர்மனி, மீதி 35 பேர் மற்ற நாடுகள் என்று வையுங்கள். ‘மோஸ்ட் கெஸ்ட்ஸ் கேம் ஃப்ரம் ஃப்ரான்ஸ்’ என்பது தவறு. 70 என்பது 35 சதவீதம்தான், பாதிகூட இல்லை. ‘தி மோஸ்ட் கெஸ்ட்ஸ் கேம் ஃப்ரம் ஃப்ரான்ஸ்’ சரி, மற்ற நாடுகளை விட அதிகம் என்று அதற்குப் பொருள். ‘தி லார்ஜஸ்ட் குரூப்’ என்று எழுதினால் இன்னும் தெளிவு.

தேர்தலிலும் இதே வேறுபாடுதான். தமிழகச் சட்டமன்றத்தில் 234 இடம், 118 வந்தால் பெரும்பான்மை. மக்களவையில் 543-க்கு 272. இது அசல் ‘மெஜாரிட்டி’. ஆனால் ஒரு தொகுதியில் பதிவான 2,00,000 ஓட்டில் ஒருவர் 82,000, அடுத்தவர் 64,000, மற்றவர்கள் மீதியைப் பிரித்துக்கொண்டார்கள் என்றால் வென்றவருக்குக் கிடைத்தது 41 சதவீதம். அமெரிக்கர்கள் இதை ‘புளூராலிட்டி’ என்பார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ரிலேடிவ் மெஜாரிட்டி’. குழப்பத்துக்கு மேல் குழப்பமாக, ‘ஹி ஒன் பை எ மெஜாரிட்டி ஆஃப் 18,000’ என்றும் பிரிட்டிஷ்காரர்கள் எழுதுவார்கள். அங்கே ‘மெஜாரிட்டி’ என்பது ஓட்டு வித்தியாசம், நம் பத்திரிகைகள் ‘மார்ஜின்’ என்பது.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

அகாடமிக் பிரிவின் முதல் கேள்வியில் பெரும்பாலும் வரைபடமோ அட்டவணையோ வரும். குறைந்தது 150 சொல், சுமார் 20 நிமிடம். அங்கே நான்கு வரியிலும் ‘மெஜாரிட்டி’ என்று எழுதினால் சொல்வளம் இல்லை என்று மதிப்பெண் குறையும். பின்னங்களைப் பழகிக்கொள்ளுங்கள். 52-க்கு ‘ஜஸ்ட் ஓவர் ஹாஃப்’, 60-க்கு ‘த்ரீ இன் ஃபைவ்’, 68-க்கு ‘ஜஸ்ட் ஓவர் டூ தேர்ட்ஸ்’, 81-க்கு ‘அபவுட் ஃபோர் இன் ஃபைவ்’, 93-க்கு ‘மோர் தேன் நைன் இன் டென்’. அதற்காக எல்லா எண்ணையும் பின்னமாக்கிவிட வேண்டாம். முக்கியமான இரண்டு மூன்று எண்ணைச் சதவீதமாகவே அடைப்புக்குள் காட்டுங்கள்.

‘நைன் டைம்ஸ் அவுட் ஆஃப் டென்’ என்பது கணக்கு அல்ல, பேச்சு வழக்கு. பத்துக்கு ஒன்பது தரம் என்று நாம் சொல்கிறோமே, அது போல. வரைபடத்தை விவரிக்கும்போது அதைத் தொடாதீர்கள். இரண்டாவது கேள்வியில், கட்டுரையில், ‘மோர் ஆஃபன் தேன் நாட்’ போடலாம். பாதிக்கு மேற்பட்ட தடவை என்று அதற்குப் பொருள்.

‘தி பல்க் ஆஃப்’, ‘தி லயன்ஸ் ஷேர்’, ‘தி பெட்டர் பார்ட் ஆஃப்’: எங்கே எது?

‘பல்க்’ என்றால் பருமன். பெரிய மொத்தத்தில் பெரும்பகுதி என்று சொல்ல உதவும்: செலவு, வேலை, சரக்கு. கல்யாணப் பலகார ஆர்டரில் முக்கால்வாசி தேன்குழலும் சீப்புச் சீடையும் என்றால் ‘தி பல்க் ஆஃப் தி ஆர்டர்’. பத்துப் பேருக்குப் போடாதீர்கள்.

‘லயன்ஸ் ஷேர்’ ஈசாப் கதையிலிருந்து வந்தது. கதையில் சிங்கம் கூட்டாளிகளுக்கு ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். இன்றைய வழக்கில் பெரும்பங்கு என்றுதான் பொருள், ஆனாலும் பிடுங்கிக்கொண்ட வாடை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பங்காளிகளுக்கு நடுவில் போகிற கடிதத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது.

‘தி பெட்டர் பார்ட் ஆஃப் எ டே’ என்றால் நாளின் நல்ல பகுதி அல்ல, நாளின் பெரும்பகுதி. சுற்றுலாத் திட்டத்தில் ‘வி ஸ்பெண்ட் தி பெட்டர் பார்ட் ஆஃப் எ டே இன் கானாடுகாத்தான்’ என்று வந்தால் மதியச் சாப்பாட்டை அங்கேயே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கணக்கு.

‘மெனி’, ‘எ லார்ஜ் நம்பர்’, ‘குவைட் எ ஃபியூ’: இவையும் பெரும்பான்மைதானே?

இல்லை. இவற்றில் எதுவும் மொத்தத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதில்லை. 50,000 பேரில் 5,000 பேர் ‘எ லார்ஜ் நம்பர்’, ஆனால் பத்தில் ஒரு பங்குதான். ‘எ லார்ஜ் ப்ரொபோர்ஷன்’ மொத்தத்தோடு ஒப்பிடுகிறது, ஆனாலும் பாதியைத் தாண்டியது என்று உறுதி தராது. ‘குவைட் எ ஃபியூ’வில் ‘ஃபியூ’ இருந்தாலும் ‘கணிசமான பேர்’ என்று பொருள்.

‘மேக்சிமம் பீப்பிள் கேம்’ என்று எல்லோரும் பேசுகிறார்களே?

இந்திய ஆங்கிலம். வெளிநாட்டவர் காதில் ‘இடம் கொள்ளும் அளவு ஆள் வந்தார்கள்’ என்று விழலாம். ‘மோஸ்ட் பீப்பிள் கேம்’ என்று மாற்றுங்கள். ‘மேஜர் பீப்பிள்’ எங்கும் செல்லாது.

பழைய வீட்டுக்குப் பங்காளிகள் 12 பேர். ‘மெஜாரிட்டி ஆஃப் தி ஓனர்ஸ் அக்ரீ’ என்று கடிதத்தில் எழுதலாமா?

எழுதுமுன் எதை எண்ணுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தலையை எண்ணினால் 7 பேர் ஒப்புக்கொண்டால் போதும், அது ‘மெஜாரிட்டி ஆஃப் தி ஓனர்ஸ்’. ஆனால் அந்த 7 பேரின் பங்கு எல்லாம் சேர்த்து 40 சதவீதமே வந்தால் ‘ஓனர்ஸ் ஹோல்டிங் எ மெஜாரிட்டி ஆஃப் தி ஷேர்ஸ்’ என்று எழுத முடியாது. வாடகைக்கு எடுக்க வருகிறவர் கேட்பது அநேகமாக இரண்டாவதைத்தான். இரண்டையும் எண்ணோடு எழுதுங்கள்: 12-க்கு 7 பேர், பங்கில் இவ்வளவு.

கம்பெனி என்றால் சட்டமே அளவைச் சொல்லிவிடுகிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி ‘ஸ்பெஷல் ரெசல்யூஷன்’ என்ற சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர் ஓட்டைப் போல குறைந்தது மூன்று மடங்கு ஆதரவு ஓட்டு வேண்டும். அங்கே ‘மெஜாரிட்டி’ என்று மட்டும் எழுதினால் போதாது.

பழைய பத்திரத்தில் ‘ஆன் அட்டெய்னிங் மெஜாரிட்டி’ என்று வருகிறது. யாருடைய பெரும்பான்மை?

யாருடையதும் இல்லை. பையனோ பெண்ணோ மேஜர் ஆனதும் என்று பொருள். 1875-ஆம் ஆண்டு இந்திய மேஜாரிட்டி சட்டப்படி அந்த வயது 18.